பெரியப்பாவின் வானுக்குப் பின்னால்

என் அம்மா தவமணிக்கு ஐம்பது வயது. வைலே நகரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு லொறிக் கொம்பனியில் வேலை செய்கிறார். மூன்று கணினித் திரைகளுக்கு முன்னால் இருந்து, நாற்பத்திரண்டு லொறிகள் எந்த வழியால், எத்தனை மணிக்கு, எங்கே நின்று, எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவருடைய தொழில். டேனிஷில் அதற்கு டிஸ்போனென்ட் என்று பெயர். ரொட்டர்டாமில் எந்தப் பாலம் திருத்த வேலைக்காக மூடியிருக்கிறது, ஜெர்மனியில் எந்த மாநிலத்துக்கு எந்த வியாழக்கிழமை விடுமுறை, பிரான்ஸில் சனிக்கிழமை எத்தனை மணியோடு லொறிகள் ஓரம்கட்ட வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். லியோனில் ஒரு சாரதி பத்து நிமிடம் பிந்தினால், அதை அந்தச் சாரதிக்கு முன்பே அம்மா அறிந்திருப்பார்.

இதே அம்மா, வெளிநாட்டில் நடக்கும் எங்கள் சொந்தக்காரர் விசேஷம் ஒன்றுக்கும் நேரத்துக்குப் போனதில்லை. அது அவருடைய பிழை இல்லை. யாருடைய பிழை என்று சொன்னால் குடும்பத்தில் மனஸ்தாபம் வரும். ஆனாலும் சொல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது.

ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ ஒரு கலியாணத்துக்குப் போவதென்றால் நாங்கள் தனித்தனியாகப் போவதில்லை. நாலைந்து வாகனங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். ஒரு பிள்ளைக்குச் சத்தி, வாந்தி வந்தால் ஐந்து வாகனத்து ஆட்களும் இறங்கி அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று ஆலோசனை சொல்வார்கள். முன்னால் போவது எப்போதும் கந்தையா பெரியப்பா. அப்பாவின் மூத்த அண்ணன். ஹேர்னிங்கில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் டென்மார்க்குக்கு வந்தவர் அவர். அப்பாவைக் கூப்பிட்டு எடுத்ததும் அவர்தான். அதனால் அப்பா அவரை எதிலும் முந்துவதில்லை. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் பெரியப்பாவின் வான் முன்னால் போனால், அப்பா தன் காரால் அதை முந்த மாட்டார். பக்கத்துப் பாதை ஹம்பேர்க் வரைக்கும் வெறுமையாகக் கிடந்தாலும் முந்த மாட்டார்.

பெரியப்பா மணிக்குத் தொண்ணூறில் ஓடுவார். ஒரு லொறியைப் பிடித்து, அதன் பின்னால் ஒட்டிக்கொள்வார். லொறி காற்றை மறைக்கும், டீசல் மிச்சம், லொறிக்காரனுக்கு வழி தெரியும் என்று அதற்கு மூன்று காரணம் வைத்திருக்கிறார். லொறிகளையே தொழிலாகக் கொண்ட அம்மா, பின் வாகனத்தில் இருந்து அந்த லொறியின் முதுகை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு போவார்.

இதெல்லாம் சிரிப்பாகத் தெரியலாம். 2004இல் நடந்தது சிரிப்பு இல்லை. அப்போது நான் பிறக்கவில்லை. அம்மாவின் தம்பி குகபாலன் மாமாவுக்கு டோர்ட்முண்டில் கலியாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நிற்க வேண்டும். தாலி கட்டும்போது பெண்ணின் கூந்தலை ஒதுக்கிப் பிடிப்பது அவர்தான். மாமாவுக்கு இருந்தது ஒரே அக்கா. பெரியப்பா முன்னால் போனார். வைலேயைத் தொட்டுக்கொண்டு போகும் E45 சாலை ஜெர்மனிக்குள்ளும் போகிறது, ஆனால் அங்கே பெரிய நீலப் பலகையில் A7 என்றுதான் எழுதியிருப்பார்கள். E45 என்பது ஒரு சின்னப் பச்சைப் பலகையில் மட்டும் இருக்கும். டோர்ட்முண்டுக்குப் போக ஹம்பேர்க்குக்குத் தெற்கே அந்தச் சாலையை விட்டு A1இல் ஏற வேண்டும். பெரியப்பா விடவில்லை. "ஈ நாப்பத்தைஞ்சு எங்கட றோட்டு. வீட்டிலயிருந்து வந்த றோட்டை விட்டால்தான் வழி தவறும்" என்று சொல்லி, பச்சைப் பலகையைத் தேடித் தேடிப் போனார். மற்ற வாகனங்களும் பின்னால் போயின. ஹனோவரையும் தாண்டிய பிறகுதான் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டார்.

அவர்கள் மண்டபத்துக்குப் போனபோது சமையல்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம். கூந்தலை யாரோ தூரத்துச் சொந்தத்துப் பெண் பிடித்துவிட்டார்.

அன்றைக்கு ஹனோவரைத் தாண்டி நின்ற எரிபொருள் நிலையத்தில் அம்மா ஒரு வரைபடப் புத்தகம் வாங்கினார். அப்போது அவர் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தைப் பேருந்தில் வைத்துப் படித்தார். பிறகு ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓடினார், பிறகு லொறிகள் வந்து போகும் வாசலில் கடதாசி பதிந்தார், மாலை வகுப்புக்குப் போனார், கடைசியில் அந்த மூன்று திரைகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இப்படிச் சொன்னால் பெரிய வெற்றிக் கதை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து வருடத்திலும் விசேஷத்துக்குப் போகும்போது அவர் இருந்தது அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில், பெரியப்பாவின் வானுக்குப் பின்னால்.

சென்ற ஓகஸ்டில் குகபாலன் மாமா தொலைபேசி எடுத்தார். அவருடைய மகள் சாரங்கி வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியச் சடங்கு. முதல் தண்ணீர் வார்ப்பது மாமி, அதாவது தகப்பனின் சகோதரி, அதாவது அம்மா.

"அக்கா, நீ எத்தினை மணிக்கு வருவாய் எண்டு எனக்குச் சொல்லாதை" என்றார் மாமா. "கந்தையா அண்ணை எத்தினை மணிக்கு வருவார் எண்டு சொல்லு."

"நான் நேரத்துக்கு வருவன் குகன்."

"ஐயர் தந்த நேரம் ரண்டு அஞ்சிலயிருந்து ரண்டேமுக்கால். அதுக்குள்ள நீ வரேல்லை எண்டால் என்ர மனுசியின்ர அண்ணி வாக்கட்டும். அவவிட்டைச் சொல்லி வைச்சிட்டன். அண்டைக்குப் போல எல்லாற்றை முகத்தையும் பாத்துக்கொண்டு என்னால திரும்ப நிக்க ஏலாது."

அம்மா சரி என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகும் மாமா அதை மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அம்மா மறக்கவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். அந்த வரைபடப் புத்தகம் இன்னும் காரில் அவருடைய இருக்கைக்குக் கீழே கிடக்கிறது.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. வெள்ளி இரவே போய்ச் சேரலாமே என்று நான் கேட்டேன். பெரியப்பாவுக்கு வெள்ளிக்கிழமை பின்னேர வேலை. அப்படியானால் நாங்கள் மட்டும் போகலாமே என்று கேட்டேன். அப்பா என்னை, நான் வீட்டை விற்கச் சொன்னதுபோலப் பார்த்தார்.

அம்மா தன் தொழில் முறைப்படி ஒரு திட்டம் எழுதினார். காலை ஐந்தரைக்கு வைலேக்குத் தெற்கே E45 ஓரத் தரிப்பிடத்தில் சந்திப்பு. ஏழே கால் மணிக்குப் பதினைந்து நிமிட நிறுத்தம். அந்த வாரஇறுதியில் ஹம்பேர்க்கில் ஆற்றுக்கு அடியால் போகும் சுரங்கப்பாதை திருத்த வேலைக்காக மூடப்படும், ஆகவே நொய்மூன்ஸ்டரில் A7ஐ விட்டு இறங்கி, A21ஐப் பிடித்து, நகரத்துக்குக் கிழக்கால் A1க்கு வர வேண்டும். பன்னிரண்டரைக்கு டோர்ட்முண்ட். இதை வட்ஸ்அப் குழுவில் போட்டார். பதினெட்டுப் பேர் கும்பிடும் கை அனுப்பினார்கள். இரண்டு பேர் காலை வணக்கத்தோடு ரோசாப்பூப் படம் போட்டார்கள். ஒருவர் தன் பேரப்பிள்ளை நடக்கும் காணொளியைப் போட்டார். அதற்குப் பாராட்டுகள் வந்தன. அடுத்த நாள் பெரியப்பா குழுவில் கேட்டார்: "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?"

சனிக்கிழமை ஐந்தரைக்குத் தரிப்பிடத்தில் எங்கள் கார் மட்டும் நின்றது. ஐந்தே முக்காலுக்கு ஜீவரட்ணம் மாமாவும் அருள்மலர் மாமியும் வந்தார்கள். அவர்கள் பெந்தெகொஸ்தே சபைக்காரர், பெரியப்பாவின் பக்கத்து வீடு, எல்லாப் பயணத்திலும் வருவார்கள். பிறகு இன்னும் இரண்டு கார்கள் வந்தன. ஆறு மணிக்குப் பெரியப்பாவின் வான் வந்தது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பெரியப்பா பார்த்தார்.

"அந்தரப்படாதை பிள்ளை. தேசிக்காய் வைச்சிட்டு வெளிக்கிடுவம்."

தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒன்றாக வைத்து ஏற்றி நசிக்க வேண்டும். ஐந்து வாகனத்துக்கு இருபது. அவர் கொண்டு வந்தது பதினாறு.

"எங்கட வானுக்கு வேண்டாம் அண்ணை" என்றார் அருள்மலர் மாமி. "நாங்கள் வீட்டில செபிச்சிட்டுத்தான் வந்தனாங்கள். மற்ற நாலுக்கும் சரியா வரும்."

கணக்கு அழகாக முடிந்தது. ஆனால் பெரியப்பா ஒப்பவில்லை. "அதெப்பிடி? ஒரு வாகனத்துக்கு ஒண்டெண்டால் எல்லாத்துக்கும் தானே."

அருள்மலர் மாமியின் மீன் பொரியல் பெட்டியில் இருந்து இரண்டு பாதித் தேசிக்காய்களும், வேறொருவரின் கைப்பையில் இருந்து ஒன்றும், கடைசிச் சக்கரத்துக்கு ஒரு தக்காளியும் கிடைத்தன. ஜீவரட்ணம் மாமா கண்ணை மூடிக்கொண்டு வானை உருட்டினார். நாங்கள் சாலைக்கு ஏறியபோது ஆறு இருபத்தைந்து.

எல்லையில் பதினைந்து நிமிட வரிசை. எல்லையைத் தாண்டியதும் பெரியப்பா தனக்கு ஒரு லொறி தேடிக்கொண்டார். அதன் பின்கதவைப் பார்த்ததும் அம்மா நிமிர்ந்து இருந்தார்.

"அது எங்கட லொறி. முப்பத்தேழு. மரெக் ஓடுறான்."

"நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. "தெரிஞ்ச ஆள்."

"விடிய நாலே காலுக்கு எடுத்தவன். நாலரை மணித்தியாலம் முடியப் போகுது. கட்டாயம் முக்கால் மணித்தியாலம் நிப்பாட்ட வேணும். நொய்மூன்ஸ்டருக்கு முன்னால நிப்பாட்டுவான்."

"நிப்பாட்டட்டுமேன்."

"அண்ணையும் நிப்பாட்டப் போறார்."

"அண்ணை ஏன் அவனோட நிப்பாட்டுறார்? அவருக்கென்ன, கண் தெரியாதே?"

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் முப்பத்தேழாம் இலக்க லொறி வலப்பக்கச் சமிக்ஞை போட்டு, லொறிகள் நிற்கும் ஒரு தரிப்பிடத்துக்குள் திரும்பியது. பெரியப்பாவின் வானும் சமிக்ஞை போட்டது. பிறகு மற்றக் கார்கள். நான் டேனிஷில் ஒரு வார்த்தை சொன்னேன், அம்மா அதற்கு என்னை ஏசவில்லை. அப்பா சமிக்ஞை போட்டார்.

நின்ற பிறகு எங்கள் ஆட்களைத் திரும்பக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதை, இப்படிப் பயணம் செய்யாதவர்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வான் நின்று அரை நிமிடத்துக்குள் பின்கதவு திறந்தது. ஒரு பாய் வந்தது. புட்டு வந்தது, சம்பல் வந்தது, மீன் பொரியல் வந்தது. இரண்டு போத்தல் தேத்தண்ணி வந்தது. பதினாறு மீற்றர் நீள லொறிகளுக்கு நடுவில் எங்கள் ஆட்கள் சம்மாணம் கட்டி உட்கார்ந்தார்கள்.

அம்மா நேரே பெரியப்பாவிடம் போனார்.

"அண்ணை, இது நிக்கிற இடமில்லை. இப்ப ஒம்பது மணி. இன்னும் நானூற்றி முப்பது கிலோமீற்றர் கிடக்கு."

"லொறிக்காரன் நிக்கிறான், என்ன காரணமில்லாமலே? முன்னுக்கு ஏதும் அடைப்பாயிருக்கும்."

"அவன்ர ஓய்வு நேரம் அண்ணை. அது சட்டம். எங்களுக்கு இல்லை."

"சரி, சாப்பிட்டிட்டு வெளிக்கிடுவம். ஹம்பேர்க்குக்கை போய் ஆத்துக்குக் கீழால விட்டால் நேரா தானே."

"ஆத்துக்குக் கீழால பூட்டு. மூண்டு நாளைக்கு முதல் எழுதினனான். அடுத்த எக்ஸிற்றில இறங்கி ஏ இருவத்தொண்டு எடுக்க வேணும்."

பெரியப்பா புட்டைக் குழைத்தபடி அம்மாவைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பிள்ளை, நீ கொம்பியூட்டரிலை பாக்கிற ஆள். றோட்டிலை ஓடுறவனுக்குத்தான் றோட்டுத் தெரியும்."

"அண்ணை" என்று அம்மா தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் எழுதவில்லை. தரிப்பிடம் முழுவதும் கேட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

முப்பத்தேழாம் லொறியின் படியில் ஒரு மெலிந்த மனிதர் கோப்பிக் கோப்பையோடு இருந்தார். அவர் தலையைத் திருப்பினார். எழுந்து எங்களை நோக்கி வந்து, அம்மாவுக்கு முன்னால் நின்று, டேனிஷில் கேட்டார்: "வைலே அலுவலகம்?"

அம்மா சட்டென்று நிறுத்தினார். "மரெக்?"

ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் பேசியவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அவர் போலந்துக்காரர். அவருடைய லொறி அம்மாவின் அலுவலகப் பக்கமே வருவதில்லை, ஓல்போர்க்கில் ஏற்றிக்கொண்டு நேரே போய்விடும். "நீ கோபத்தில் இருந்தால் எந்த மொழியிலும் ஒரே குரல்தான்" என்றார் மரெக். அம்மா சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெரியப்பாவுக்கு நல்ல உற்சாகம். "இவன் தானே லொறிக்காரன்? அப்ப இவனையே கேப்பம், எந்த வழி நல்லதெண்டு." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய டேனிஷில், ஹம்பேர்க்கைத் தாண்ட எது நல்ல வழி என்று மரெக்கிடம் விபரமாகக் கேட்டார்.

மரெக் தோளைக் குலுக்கினார். "எனக்கு எப்படித் தெரியும்? இவ சொல்லுகிற வழியால் நான் போகிறேன்."

பாயில் இருந்தவர்கள் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அருள்மலர் மாமி மட்டும் இருமினார். அது இருமல் இல்லை.

"இன்றைக்கு எனக்கு A21 என்று எழுதியிருக்கிறா" என்று மரெக் மேலும் சொன்னார். "ஆகவே A21."

"அப்ப சரி" என்றார் பெரியப்பா. "லொறிக்காரனே சொல்லுறான். ஏ இருவத்தொண்டாலை போவம்." திரும்பவும் உட்கார்ந்தார். "முதல்ல சாப்பிடுவம்."

ஒன்பது முப்பது ஆகியும் ஒருவரும் எழும்பவில்லை. ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னொருவர் டோர்ட்முண்டுக்குத் தொலைபேசி எடுத்து, தாங்கள் நன்றாக வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவிடம் வந்தார்.

"வெளிக்கிடுவம்."

"அண்ணை இன்னும் கை கழுவேல்லை."

"நாங்கள் முன்னுக்குப் போவம். அவையள் வரட்டும்."

"அதெப்பிடித் தவம், அண்ணையை விட்டிட்டு..."

"குகன்ர கலியாணத்திலை நான் மண்டப வாசல்லை நிண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

அப்பா பாயின் பக்கம் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை. அவரால் முடியவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு அவர்மேல் அப்போது கோபம். இப்போது யோசித்தால், முப்பது வருடமாக ஒருவரின் பின்னால் ஓடிய கால், நினைத்த உடனே வேறு மாதிரி மிதிக்காது என்று தோன்றுகிறது.

அம்மா கையை நீட்டினார். "கார்த் திறப்பைத் தாங்கோ."

அம்மா நன்றாகக் கார் ஓடுவார். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், திரும்பப் பன்னிரண்டு, அவ்வளவுதான். ஜெர்மன் நெடுஞ்சாலையை அவர் திரையில் மட்டுமே ஓடியிருக்கிறார். சாரதி இருக்கையை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடியைச் சரி செய்தார், பெரியப்பாவின் பாயைச் சுற்றிக் காரைத் திருப்பினார். புட்டோடு கையை நடுவில் நிறுத்திப் பெரியப்பா பார்த்தார். மரெக் கோப்பையை உயர்த்தினார்.

நாங்கள் சாலைக்கு ஏறி இரண்டு நிமிடம் இருக்காது. அப்பா பக்கக் கண்ணாடியைப் பார்த்து, "அண்ணை வாறார்" என்றார்.

உண்மைதான். ஐந்து வாகனமும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது சட்டம் அல்லவா. ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். ஒன்று போனால் எல்லாம் போகத்தானே வேண்டும். இதை எங்களில் ஒருவரும் இருபத்தொரு வருடமாக யோசிக்கவில்லை. பாயைச் சுருட்டி, புட்டுச் சட்டியை மடியில் வைத்து, கழிப்பறைக்குப் போன பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நான்கு வாகனமும் பின்னால் வந்தன.

நொய்மூன்ஸ்டரில் இறங்கினோம். A21 வெறுமையாக இருந்தது. அம்மா நூற்றிருபதில் ஓடினார். "அண்ணை வாறார்" என்றார் அப்பா. பாட் சேகபேர்க்கைத் தாண்டினோம். "அண்ணை இன்னும் வாறார்." ஹம்பேர்க்குக்குக் கிழக்கே ஆற்றுப் பாலத்தில் இருபது நிமிடம் ஊர்ந்தோம். அம்மா இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்தபடி, தனக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். பிரேமனுக்குப் பிறகு ஒரு இடத்தில் எரிபொருள் அடித்தோம். அம்மா கண்ணாடியை இறக்கி, பின்னால் வந்து நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஆறு நிமிசம். கழிப்பறைக்குப் போறவை மட்டும் இறங்குங்கோ. ஒருத்தரும் பெட்டி திறக்கக் கூடாது."

ஒருவரும் பெட்டி திறக்கவில்லை. ஜீவரட்ணம் மாமா மட்டும் வானுக்குள் குனிந்து எதையோ மென்றார். அருள்மலர் மாமி எங்கள் கார் யன்னலுக்கு வந்தார். "கந்தையா அண்ணையின்ர வான் இந்த வேகம் ஓடும் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும் தவம். கோமதி அக்கா பின் சீற்றில கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறா. நான் ரண்டு பேருக்குமாச் சேத்துச் செபிக்கிறன்." கோமதி அக்கா என்பது பெரியம்மா.

ஒன்று ஐம்பத்தேழுக்குக் குகபாலன் மாமாவின் வீட்டுத் தெருவுக்குள் திரும்பினோம். வீட்டுக்குப் பின்னால் புல்தரையில் பந்தல் போட்டிருந்தார்கள். சாரங்கி வெள்ளைச் சேலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பக்கத்தில், மாமா சொல்லி வைத்திருந்த மாமியின் அண்ணி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாமா வாசலில் நின்றார். அவர் தெருவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தனக்குச் சொல்லி வைத்ததுபோல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா காரை விட்டு இறங்கி, கதவைப் பிடித்து நின்றார். நாலரை மணித்தியாலம் ஓடியிருக்கிறார். மரெக்காக இருந்தால் சட்டப்படி ஓய்வு எடுத்திருப்பார்.

மாமா நிமிர்ந்தார். "அக்கா."

"எட்டு நிமிசம் கிடக்கு" என்றார் அம்மா. "நான் முகம் கழுவிப்போட்டு வாறன்."

இரண்டு ஏழுக்கு அம்மா முதல் செம்பை வார்த்தார். தண்ணீரை வெயிலில் வைக்க மறந்துவிட்டார்கள் போல. சாரங்கி குளிரில் ஜெர்மன் மொழியில் கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள். செம்பில் பாதி அம்மாவின் சேலையிலேயே ஊற்றுப்பட்டது. மாமியின் அண்ணி அடுத்த செம்பை நீட்டியபோது மாமா அதைத் தானே வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். 

இத்தோடு முடிந்தால் நல்ல கதை. ஆனால் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

பின்னேரம் விருந்து மண்டபத்தில் நான் பலகாரத் தட்டோடு போனபோது, ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் பெரியப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஹம்பேர்க்கிலை ஆத்துக்குக் கீழால பூட்டு. எனக்கு மனதிலை பட்டது. நான் ஒரு லொறியைப் பிடிச்சு, அவன்ர பின்னால போய், அவனை நிப்பாட்டிக் கேட்டன். ஏ இருவத்தொண்டு எண்டான். எல்லாரையும் கொண்டந்து சேத்திட்டன்."

"கந்தையா அண்ணை இல்லாட்டில் இண்டைக்கு அவ்வளவுதான்" என்றார் ஒருவர்.

அம்மா அடுத்த மேசையில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நான் அவரிடம் போய், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று டேனிஷில் சொன்னேன். அவர் ஒரு வடையை இரண்டாகப் பிய்த்தார்.

"நான் தண்ணி வாத்திட்டன்" என்றார். "அவர் கதைக்கட்டும்."

எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

ஞாயிறு காலை திரும்பினோம். அம்மா திறப்பை அப்பாவிடம் கொடுத்துவிட்டார், தோள் வலிக்கிறது என்று. பெரியப்பாவின் வான் முன்னால், நாங்கள் பின்னால், மற்ற மூன்றும் எங்களுக்குப் பின்னால். தொண்ணூறு. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் லொறி ஓடக்கூடாது, ஆகவே பெரியப்பாவுக்கு லொறி கிடைக்கவில்லை. விடுமுறைக்குப் போய்த் திரும்பும் யாரோ ஒருவரின் வீட்டுவண்டியின் பின்னால் போனார்.

டோர்ட்முண்டை விட்டுக் கொஞ்சத் தூரத்தில் காமன் என்ற இடத்தில் இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. A1 நேரே பிரேமனுக்குப் போகும். வலப்பக்கம் விலகினால் A2, ஹனோவருக்கு. அந்தச் சந்திக்கு ஒரு கிலோமீற்றர் முன்னால் அம்மாவின் தொலைபேசி அடித்தது. பெரியப்பா.

"பிள்ளை, இதிலை நேரவோ, வலமோ?"

"நேர அண்ணை."

"நேர. ஓம், ஓம்."

அம்மா தொலைபேசியை மடியில் வைத்தார். பெரியப்பா அம்மாவிடம் வழி கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்பாகூட அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் முன்னால் போன வான் வலப்பக்கச் சமிக்ஞை போட்டது.

ஹனோவர் என்று பெரிய பலகை. அவருக்குத் தெரிந்த பெயர் அது.

வான் மெல்ல மெல்ல வலப்பக்கம் விலகியது. அப்பாவின் விரல் சமிக்ஞைத் தடிக்குப் போனது. அம்மா முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தடிக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு அப்பா கையை எடுத்து வளையத்தில் வைத்தார். நேரே ஓடினார். பெரியப்பாவின் வானுக்குப் பக்கமாகவே போனோம். இரண்டு பாதைகளுக்கும் நடுவில் கோடு வந்தது, பிறகு புல் வந்தது, பிறகு வேலி வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மற்ற மூன்று வாகனமும் எங்களுக்குப் பின்னால் வந்தன.

மூன்று நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"எங்கை நிக்கிறியள்? உங்களைக் காணேல்லை."

"நாங்கள் நிக்கேல்லை அண்ணை, ஓடிக்கொண்டிருக்கிறம்" என்றார் அம்மா. அலுவலகத்தில் இருந்து லியோனுக்கும் ரொட்டர்டாமுக்கும் பேசும் அதே குரல். "அந்தரப்படாதையுங்கோ. அடுத்த எக்ஸிற்றிலை வெளியால வாங்கோ. பாலத்துக்கு மேலால திரும்பி, வந்த றோட்டையே எடுங்கோ. பிரேமன் எண்ட பலகையை மட்டும் பாருங்கோ. வேற ஒண்டையும் பாக்காதையுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

அப்பா மெதுவாகக் கேட்டார்: "அண்ணை கோவிப்பாரோ?"

அம்மா தொலைபேசியைக் கையால் மூடினார்.

"றோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்றார்.